அம்மம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள அண்ணா,

மகளுக்கு ஆறு வயது. ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டு வெளிச்சத்திலேயே அவளை ஒரு நல்ல படம் எடுக்க ஆசை. யன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கறுத்துப் போகிறது, முற்றத்தில் நிறுத்தினால் கண்ணைச் சுருக்குகிறாள். போனில் எடிட் செய்து வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன், அவளுடைய அம்மம்மா "இது ஆர்ர பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். எங்கே பிழை விடுகிறேன்?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மம்மாவின் கேள்வியைப் பிறகு பார்ப்போம், முதலில் வெளிச்சம்.

யன்னல் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருந்தால் கேமரா வெளி வெயிலை வைத்து அளவெடுக்கும், முகம் இருட்டிவிடும். அவளை வாசலைப் பார்க்க, இரண்டு மூன்று அடி உள்ளே, வெயில் நேரே விழாத இடத்தில் இருத்துங்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், கருவிழியில் வாசலின் சதுரம் சின்னதாகத் தெரியும். தெரிந்தால் அதுதான் இடம். நம்முடைய பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால் கிழக்கு வாசல் வீட்டில் காலையில் வெயில் உள்ளே வந்து அடிக்கும், அங்கே பின்னேரம் எடுப்பதுதான் நல்லது. ஏப்ரலிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும், முற்றத்தில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். மார்கழி மழை மூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்போது வளவில் எங்கே நிறுத்தினாலும் முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். ஆனால் வாழைக்குப் பக்கத்தில் வேண்டாம், கன்னத்தில் பச்சை ஏறும்.

முகத்தின் ஒரு பக்கம் அதிகம் இருண்டால் கதிரையில் ஒரு வெள்ளைச் சாரத்தை விரித்து அந்தப் பக்கம் வையுங்கள், நிழல் இளகும். போனில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். கேமரா இருந்தால் 50 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/250 செக்கன், ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் இராது. அப்பேச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, 2.8 அளவில் வையுங்கள், இன்னும் அகலத் திறக்கும் 1.8இல் கண் கூராக விழுந்தாலும் காது கரைந்து போகும்.

சரி, எடிட்டிங். நிழலில் எடுத்த படம் கொஞ்சம் நீலமாக வரும், அதை மஞ்சள் பக்கம் சற்றுத் தள்ளுங்கள், இருண்ட இடங்களை மெல்ல உயர்த்துங்கள். அவ்வளவு போதும். சில போன்களில் முகத்தை மெழுகி வெளுப்பாக்கும் 'பியூட்டி' என்று ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் மகளை அம்மம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் செய்தது பெரும்பாலும் அதுதான்.

என்னுடைய மகளின் பிறந்தநாள் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கேட்காமலே வெளுப்பாக்கித் தந்தார்கள். முகம் மட்டும் மா பூசியது போல, காதும் கையும் அவளுடைய சொந்த நிறத்தில். அவள் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. கோடாக் கம்பனி 1950களில் கலர்ப் படத்தின் நிறத்தைச் சரிபார்க்கப் படம் கழுவும் இடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண், அவளுடைய தோல்தான் அளவுகோல். நம் பிள்ளைகளின் மாநிறமும் கறுப்பும் அந்தக் கணக்கிலேயே இருக்கவில்லை. அதை நாமும் சேர்ந்து அழிக்க வேண்டாம், தங்கச்சி.

எடிட் முடிந்ததும் மகளை அதே வாசலில் இருத்தி, போனை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் பொருந்தினால் அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணா, மட்டக்களப்பு