தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதியோடு வரும் வேன்) டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறோம். வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சுற்றிப் பார்க்கலாமா? ஒரு நாள் போதுமா?

கட்டாயம் பாருங்கள். ஆனால் மோட்டார்ஹோமை ஊருக்குள் மட்டும் கொண்டு போகாதீர்கள். நான் டர்பனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன ஜூலையில் தஞ்சாவூரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு இதே பாதையில்தான் போனோம்.

என்3 நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் சொச்சம். கடற்கரையிலிருந்து ஏறிக்கொண்டே போய், மலைச் சரிவுகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. வண்டி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குச் சிரமம் இல்லை. சிரமம் வண்டியின் உயரம். எங்களுடையது 3 மீட்டர். காய்கறி வாங்க ஒரு கடை வளாகத்துக்குள் திருப்பினேன். நுழைவாயிலில் குறுக்கே தொங்கிய கம்பி 2.1 மீட்டர் உயரத்தில் இருந்தது. அம்மா "டேய், நிறுத்து!" என்று கத்தியிருக்காவிட்டால் கூரை போயிருக்கும். பின்னால் நாலு கார் நிற்க, அங்கிருந்து ரிவர்ஸ் எடுத்து வெளியே வருவதற்குள் கை நடுங்கிவிட்டது.

அதனால், ஊரைத் தாண்டி ஹோவிக் பக்கம் மிட்மார் அணைக்குப் போய்விடுங்கள். சுமார் 25 கிலோமீட்டர். தண்ணீர் ஓரமாக முகாம் இடங்கள் உண்டு, கரண்ட் இணைப்பும் கிடைக்கும். வண்டியை அங்கே போட்டுவிட்டு ஒரு கார் பிடித்து ஊருக்குத் திரும்பி வாருங்கள். பகலில் சுற்றுங்கள், போனைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள்.

முதலில் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது இங்கேதான். அப்போது அவருக்கு வயது 23. செங்கல் கட்டடம், நடைமேடையில் ஒரு பட்டயம், அவ்வளவுதான். அப்பா அதைப் படித்துவிட்டு ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "ஜூன்னா இங்க குளிர்காலமாடா?" என்று கேட்டார். ஐம்பது வருடம் பள்ளிப் பாடமாகவே தெரிந்த கதை. ஜூன் என்றதும் நம் மனசில் வருவது வெயில்தானே! காந்தியின் மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி ரயில்வேக்காரர்களிடம் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே, குளிரில் காத்திருப்பு அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அப்பா அந்த அறை வாசலில் வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை. முடிந்தால் நீங்களும் ஜூன், ஜூலையில் போங்கள்.

சர்ச் தெருவில் காந்தி சிலை இருக்கிறது. நூற்றாண்டு நினைவாக 1993-இல் டெஸ்மண்ட் டூட்டு திறந்து வைத்தது. பக்கத்திலேயே 1901-இல் கட்டிய நகர மண்டபம், முழுக்கச் சிவப்புச் செங்கல். வெளியே நின்று பார்த்தாலே போதும்.

ஆனால் லாங்மார்க்கெட் தெருவில் இருக்கும் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயிலை விட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவுக்கு இப்போது லங்கலிபலேலே தெரு என்று பெயர். புனித வெள்ளியன்று இங்கே பூக்குழி இறங்குவார்கள். நாங்கள் போன நாளில் கூட்டமே இல்லை. ஒரு வயதான அம்மா "வணக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, ஆங்கிலம்தான். கையில் ஒரு பழைய நோட்டு. அதில் தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. "தோடுடைய செவியன்" என்று ஆரம்பித்தார். ழகரம் கொஞ்சம் வழுக்கியது, ராகம் வழுக்கவில்லை. அம்மா கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் கப்பல் வந்தது. அப்படி வந்தவர்களின் பேரன் பேத்திகள், மொழி கைவிட்டுப் போன பிறகும் பாட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையைவிட எனக்கு அந்த அரைமணி நேரம்தான் பெரிது.

மறுநாள் ஹோவிக் அருவி, 95 மீட்டர். ஊர் நடுவிலேயே நின்று பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆர்103 சாலையில், 1962 ஆகஸ்ட் 5 அன்று போலீஸ் மண்டேலாவைப் பிடித்த இடம். 50 இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். கிட்டே போனால் வெறும் கம்பிகள். பாதையில் சரியான இடத்தில் வந்து நின்றால் மண்டேலா முகம் கூடி வரும். அங்கே மோட்டார்ஹோமிலேயே போகலாம், இடம் தாராளம்.

ஆக, இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஊரை விட்டு ஹில்டன் பக்கம் ஏறும் டவுன் ஹில் நல்ல செங்குத்து. லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், பனிமூட்டமும் அடிக்கடி இறங்கும். விடிகாலையிலும் இருட்டிய பிறகும் ஏறாதீர்கள். திரும்பி வரும்போது அதே இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.