பாம் ஷெல்டரில் பாடுவது: ஒரு கடிதம்

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். நீங்களும் பாட்டெழுதி மெட்டமைப்பவர் என்பதால் இதைக் கேட்கிறேன். எனக்கு வயது 42. சிங்கப்பூரில், துவாஸில் வேலை, ஈசூனில் நாலறை வீடு. சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. அம்மா பாடக் கேட்டதும், பள்ளி நாளில் கீபோர்டு வாசித்ததும்தான் என் படிப்பு. கோவிட் சமயத்தில் சொந்தமாக மெட்டுப் போடத் தொடங்கினேன், இன்னும் விடவில்லை.

கைப்பேசியில் பாடிப் பதிந்து யூடியூபில் போடுகிறேன். நண்பர்கள் ‘அருமை’, ‘சூப்பர்’ என்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். வீட்டிலேயே குண்டுவீச்சுப் பாதுகாப்புக்காகக் கட்டிய சிறு அறையான பாம் ஷெல்டருக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடினேன். பிள்ளைகள் சத்தம் வராத இடம் வீட்டில் அது ஒன்றுதான். ஒலி 96.8 வானொலியில் கேட்கும் பாட்டுகள்போல நம்முடையது ஏன் ஒலிப்பதில்லை? இரண்டாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல கண்டென்ஸர் மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கலாமா, இல்லை ஸ்டூடியோவுக்குப் போய்விடலாமா? மெட்டை இணையத்தில் போட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. ‘கடலோரம்’ என்று தொடங்கும் பாட்டை இணைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது கேளுங்கள்.

அன்புடன்,
ம., ஈசூன்

*

அன்புள்ள ம.,

பாட்டைக் கேட்டேன், பல முறை. மெட்டு நன்றாக இருக்கிறது. ‘சூப்பர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிற அர்த்தத்தில் இதைச் சொல்லவில்லை. அனுபல்லவியில் மேலே போன குரல் சட்டென்று இறங்காமல் ஒரு படி தங்கி இறங்குகிறதே, அந்த இடம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாயிரம் வெள்ளியை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். உங்கள் பாட்டைக் கெடுப்பது கைப்பேசி மைக் இல்லை, அந்த அறை. பாம் ஷெல்டர் என்பது நாலு பக்கமும் தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. வெளிச்சத்தம் உள்ளே வராது, சரி. ஆனால் உங்கள் குரலும் எங்கும் போக வழியில்லாமல் சுவரில் மோதி மோதித் திரும்பும். இரண்டு சுவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் 87 ஹெர்ட்ஸ் அருகே அந்த அறை தானாகவே முழங்கும், அதன் மடங்குகளிலும் முழங்கும். ஆண்குரலின் கீழ்ஸ்தாயி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீங்கள் மந்தரத்தில் இறங்கும்போதெல்லாம் சில சுரங்கள் மட்டும் ‘பூம்’ என்று வீங்குவது இதனால்தான். இரண்டாயிரம் வெள்ளி கண்டென்ஸர் மைக்கை அங்கே வைத்தால் அந்த வீக்கத்தை இன்னும் துல்லியமாகப் பதிந்து கொடுக்கும்.

படுக்கையறைக்கு வாருங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். பலர் மைக்கின் பின்னால் பஞ்சு வைக்கிறார்கள். ஆனால் கார்டியாய்டு வகை மைக் முன்பக்கம் வருவதைத்தான் அதிகம் கேட்கும். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து திரும்புவதுதான் நேரே அதற்குள் போகிறது. ஆகவே மெத்தென்று இருக்க வேண்டிய இடம் உங்கள் முதுகுப்பக்கம். ஒரு தடித்த கம்பளியை, முஸ்தபா கடையில் வாங்கியது போதும், துணி காயவைக்கும் ஸ்டாண்டில் போட்டு முதுகுக்குப் பின்னால் நிறுத்தினால் உடனே வித்தியாசம் தெரியும். முட்டைத் தட்டு ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அது கீழ்ஸ்தாயியைத் தொடாது, தீப்பிடிக்கவும் கூடும். இன்னொன்று: பஞ்சோ கம்பளியோ அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவர்தான் வேண்டும். இரவு பத்துக்கு மேல் உச்சஸ்தாயி வேண்டாம்.

நேரம்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெரிய பிரச்சினை. விடியலுக்கு முன்பே குயில் தொடங்கிவிடும், அதுவும் மைக்குக்கு நேர் எதிரே உள்ள மரத்திலிருந்து. திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எந்த மாடியிலாவது புதுப்பிப்பு வேலை நடக்கலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் அதற்கு விலக்கு. ஆகவே ஞாயிறு காலை, பிள்ளைகள் எழுந்து விளையாட்டுத் திடலுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குங்கள். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு தடவை பாடி, அவற்றைப் போட்டுக் கொஞ்சம் ஆறி, மறுபடி அணைத்துப் பாடுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் அணைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது மறுபடி போட நினைவு வரும்.

கைப்பேசியில் ஒரு சிக்கல் உண்டு, நம் இசைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. அதில் உள்ள ஒலிப்பதிவு வசதி பெரும்பாலும் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. விடாமல் ஒரே சீராக வருகிற ஓசையை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் விடாமல் ஒரே சீராகத்தானே ஒலிக்கின்றன! உங்கள் பதிவில் சுருதி நிலையாக நிற்காமல் மறைவதும் எழுவதுமாக இருக்கிறது. நீங்கள் ஏதோ தப்பாகச் செய்ததாக நினைத்திருப்பீர்கள். சுருதியைக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டு குரலை மட்டும் பதியுங்கள். சுருதியைப் பிறகு தனித் தடமாகச் சேர்க்கலாம்.

அப்படிச் சேர்க்கக் கணினி வேண்டும், மென்பொருள் வேண்டும். ஆடாசிட்டி இலவசம். பேண்ட்லேப் நம் ஊர் நிறுவனம், அதுவும் இலவசம், உலாவியிலேயே ஓடும். வீட்டுக் கணினியைப் பாட வைத்த சவுண்ட் பிளாஸ்டர் 1989இல் இங்கிருந்து கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்டதுதான். வீட்டில் உட்கார்ந்து இசை செய்வதில் இந்தச் சின்ன ஊருக்கு அப்படியொரு பங்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கும்.

ஒருநாள் கருவி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பிராஸ் பாசா பக்கமோ பெனின்சுலா ஷாப்பிங் சென்டரோ போய் ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள். ஐந்நூறு வெள்ளிக்குள் முடியும். ஷூர் எஸ்எம்58 என்று ஒரு மைக் 1966இலிருந்து விற்பனையில் இருக்கிறது, மேடைகளில் நீங்கள் பார்க்காத நாள் இருக்காது. டைனமிக் மைக்கை வாய்க்கு அருகே வைத்துப் பாடுவதால் அறை அதிகம் உள்ளே வராது. கண்டென்ஸர் மூலையில் ஓடும் கடிகாரத்தையும் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். ‘ப’ வரும்போது காற்று மோதி வெடிக்காது. மென்பொருளில் 24 பிட் தரத்தைத் தேர்ந்து பதியுங்கள், அதன் ஒலி அளவுகோலில் உச்சம் மைனஸ் 10 டெசிபல் அருகே நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரிய வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பீக்கர் வேண்டாம், அந்தப் படுக்கையறையில் அது உங்களிடம் உண்மை பேசாது.

சென்னையில் உங்கள் மைத்துனர் மிருதங்கம் வாசிப்பதாகக் கடிதத்தோடு வந்த குறிப்பில் இருந்தது. தடத்தை அவருக்கு அனுப்பும்போது தொடக்கத்தில் ஒரு ஆவர்த்தனம் வெறும் தாளத்தட்டு வையுங்கள், பிறகு பொருத்த எளிது. இருவரும் ஒரே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவது என்ற கணக்கில்), 44,100 என்றால் 44,100, 48,000 என்றால் 48,000 என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். மிருதங்கத்தைத் தட்டிச் சேர்த்தவர் பாவம், அவருக்கு ஒன்றும் புரியாது. வாட்ஸ்அப்பில் குரல்குறிப்பாக அனுப்பாதீர்கள், பாதி ஒலி போய்விடும். கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சுருதி திருத்தும் மென்பொருளை இந்தப் பாட்டில் தொடவே வேண்டாம். அது சுரத்தைப் பன்னிரண்டு கட்டங்களில் ஏதோ ஒன்றில் கொண்டு நிறுத்தப் பார்க்கும். சுரத்தை அசைத்து வளைக்கும் உங்கள் கமகம் எல்லாம் கட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

வானொலிப் பாட்டு ஏன் பெரிதாக ஒலிக்கிறது என்றால், கலவை செய்பவர் மேடுபள்ளத்தைச் சமன் செய்திருப்பார். ஆனால் அந்த உரப்புப் போட்டியில் நாம் இறங்க வேண்டாம். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் உரத்த பாட்டை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டித் தாமே குறைத்துவிடுகின்றன. மெல்லியதாகவே வையுங்கள்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது.

உங்களுக்குக் குறைவது கேட்பவர். ‘அருமை’ என்று எழுதுகிறவர்கள் அன்பானவர்கள், ஆனால் அவர்கள் பாட்டை முழுக்கக் கேட்டார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. பாட்டைப் பகிரும்போது ஒரு கேள்வியோடு பகிருங்கள். ‘எந்த நிமிடத்தில் உங்கள் கவனம் விலகியது?’ என்று கேளுங்கள். ‘சரணம் இரண்டாம் தடவை வரும்போது அதையே மறுபடி கேட்பதுபோல் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். நல்ல மனிதர்களுக்கும் குறை சொல்ல ஒரு வாசல் திறந்துவிட வேண்டும், அவர்களாகத் தட்டித் திறக்க மாட்டார்கள். கீபோர்டு வாத்தியங்கள் எதுவும் இல்லாமல், குரலும் சுருதியும் மட்டும் உள்ள பதிவைத்தான் முதலில் பகிர வேண்டும் என்பது என் கட்சி. மெட்டு அதில் நிற்கவில்லை என்றால் வயலின் கூட்டம் வந்தும் நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. தெரிந்தவர் ஒருவரைப் பாட்டை இரண்டு முறை கேட்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அவரையே பாடச் சொல்லுங்கள். அவர் வாயில் மெட்டு எங்கெல்லாம் மாறியிருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பாருங்கள். சில இடங்களில் அவருக்கு நினைவில்லை, அவ்வளவுதான். சில இடங்களில் அவர் தெரியாமலே உங்கள் மெட்டைத் திருத்தியிருப்பார். அந்தத் திருத்தத்தை எந்த மென்பொருளும் தராது.

உங்கள் பாட்டையும் அப்படித்தான் முணுமுணுத்துப் பார்த்தேன். ‘கடலோரம்’ என்பதில் நீங்கள் முதலெழுத்தான ‘க’வை மூன்று தட்டுக்கு இழுக்கிறீர்கள். குறிலை அப்படி இழுத்தால் அது ‘கா’ ஆகிவிடுகிறது, முதல் தடவை எனக்குச் சொல்லே பிடிபடவில்லை. நான் முணுமுணுத்தபோது நீட்டம் தானாக ‘லோ’வுக்குப் போய்விட்டது. நெடில் அங்கே இருக்கிறது, இழுக்க இடம் கொடுக்கிறது. ‘கட’ இரண்டையும் ஒரே தட்டில் சொல்லிவிட்டு ‘லோ’வில் தங்கிப் பாருங்கள், மேலே போகிற அந்த அழகான சங்கதியும் அங்கேயே பொருந்தும். நம் மெட்டமைப்பாளர்கள் பலர் கீபோர்டில் மெட்டைப் போட்டுவிட்டுச் சொல்லை அதற்குள் திணிக்கிறார்கள். வரியை முதலில் சத்தமாக, பேசுவதுபோல் நாலைந்து தடவை சொல்லுங்கள். பாதி மெட்டு அதில் கிடைத்துவிடும்.

திருட்டுப் பயம் பற்றி. இங்கே பதிப்புரிமைக்குப் பதிவு செய்யத் தேவையில்லை, நீங்கள் பாடிப் பதிந்ததுமே அது உங்களுடையது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி, படைப்பை மற்றவர் பயன்படுத்தினால் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. தேதியோடு உள்ள மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். பாட்டு மேடையிலோ வானொலியிலோ ஒலிக்கத் தொடங்கினால் இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும், 1987இலிருந்து இயங்கும் காம்பஸ் அமைப்பில் உறுப்பினராவதைப் பற்றி யோசிக்கலாம். அதே கவனம் மற்றவர்மேலும் வேண்டும். உயிரோடு இருக்கும் கவிஞரின் வரிக்கு மெட்டுப் போட்டால் பகிரும் முன் அவரிடம் கேளுங்கள். பாரதிக்குக் கேட்கத் தேவையில்லை. ஒளித்து வைத்த மெட்டு வளராது என்று நான் உறுதியாக நம்புகிறேன், பகிருங்கள்.

முறையாகப் படிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் தேசிய கீதமான மாஜுலா சிங்கப்பூராவை 1958இல் இயற்றிய சுபிர் சயித் தானாகக் கற்றவர். 1928இல் சரக்குக் கப்பலில் இங்கு வந்தவர். பங்சாவான் என்ற மலாய் இசைநாடகக் குழுவோடும் கூடப் பாடியவர்களோடும் வாசித்தே கற்றார். உங்களுக்கும் அப்படிக் கூட இருப்பவர்கள் வேண்டும். இங்கே உங்களைப்போல வீட்டில் மெட்டுப் போடும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், பெரும்பாலும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பதில்லை. அவர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பாட்டைப் போடும் முன் அவர்கள் பாட்டைக் கேட்டு, நான் மேலே சொன்ன மாதிரி நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அவர்களும் எழுதுவார்கள்.

ஸ்டூடியோ? இரண்டு மூன்று பாட்டு இப்படித் தேறிய பிறகு, ஒரு பாட்டுக்கு மட்டும் போங்கள். அப்போது என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், மணிக்கணக்கில் காசு போகாது.

‘கடலோரம்’ பல்லவியை மட்டும், படுக்கையறையில், கம்பளியை முதுகுக்குப் பின்னால் போட்டு, ‘லோ’வில் நீட்டிப் பாடி ஆவணமாக அனுப்புங்கள். பழையபடி ஒரு தடவை, புதியபடி ஒரு தடவை. இரண்டையும் கேட்டுவிட்டு எந்த விநாடியில் என்ன தோன்றியது என்று எழுதுகிறேன். பழையதே நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குப் பட்டால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

அன்புடன்