கரையடியில் ஈரம், கோடியில் வலை

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் அப்பா காலத்துக் குட்டை ஒன்று இருக்கிறது. மண் கரை பத்தடி உயரம். ஐப்பசி மழையில் நிரம்பியதிலிருந்து, வெளிப்பக்கம் கரையடியில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம் ஊறுகிறது. உள்பக்கம் பிளாஸ்டிக் சீட் விரித்து, மேலே ஒரு கெமிக்கல் பூசினால் நின்றுவிடும் என்கிறார் கடைக்காரர். 80,000 ரூபாய் ஆகுமாம். ரோகு, கட்லா மீன் விட்டிருப்பதால், மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கோடியில் வலை கட்டி இரண்டு வரிசை மணல் மூட்டையும் அடுக்கியிருக்கிறேன். கீழே மாட்டுக் கொட்டகையும் சித்தப்பா வீடும் இருக்கின்றன. சீட் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நிரம்பி நிற்கும் குட்டையில் சீட்டை எப்படி விரிப்பார் என்று அவரையே கேளுங்கள். அவருக்குச் சீட் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊறுகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்து, நாளுக்கு நாள் அளவும் கூடவில்லை என்றால் பயமில்லை. மண் கரை கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். அடியில் மண் படிந்தால் உள்ளே வழி அறுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மோட்டார் வைத்து நீரைக் குறையுங்கள், சித்தப்பா வீட்டையும் கொட்டகையையும் காலி செய்யுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைக்க வேண்டாம், பக்கத்தில் பொத்துக்கொள்ளும். ஆற்று மணல் ஓரடி, அதன் மேல் ஜல்லி ஓரடி கொட்டுங்கள். தண்ணீர் வரும், மண் வராது.

எனக்குக் கசிவை விடக் கோடிதான் கவலை. கரை மட்டத்துக்கு மூன்றடி கீழே கோடியை உங்கள் அப்பா விட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஓரடியை மூட்டை தின்றுவிட்டது. மாடு நடந்து தேய்ந்தது எவ்வளவோ, கொத்தனாரின் தண்ணீர் டியூபை வைத்து மட்டம் பாருங்கள். வலை அதைவிட மோசம். மலையில் ஒரு மழை கொட்டினால் வேலிக்காத்தான் சுள்ளியும் சருகும் வந்து அப்பி, வலையே சுவராகிவிடும். அப்புறம் தண்ணீர் கரை மேல் ஏறும். மண் கரை மேல் ஒரே இடத்தில் சாண் அளவு வழிந்தால் போதும், விடிவதற்குள் கரை இருக்காது. 1903 நவம்பரில் பாலாற்றின் மேல்பக்கத்து ஏரிகள் உடைந்துதான் வாணியம்பாடியில் அத்தனை சாவு. உங்களுடையது சின்னக் குட்டைதான், ஆனால் அதற்குக் கீழே இன்னொருவர் குட்டை இருக்குமே. மீன் போனால் போகட்டும். வலையையும் மூட்டையையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கரை மேல் வேலிக்காத்தான் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லாத கரையை நான் பார்த்ததில்லை. சிறு செடியை இப்போதே பிடுங்கலாம். தொடைப் பருமன் ஆனதை மழைக்காலத்தில் தொடாதீர்கள். வெட்டிவிட்டு வேரை மட்டும் விட்டாலும் தப்பு, அது மக்கித் தண்ணீருக்குக் குழாய் ஆகிவிடும். கோடையில் குட்டை வற்றியதும் வேரோடு எடுத்து, ஈரமான களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். ஜேசிபிக்காரர் மண்ணைக் கொட்டி, பக்கெட்டால் நாலு தட்டு தட்டி, மணிக்கணக்கில் காசு வாங்கிப் போவார். அதற்குப் பெயர் குவியல், கரை இல்லை.

மூட்டையை எடுத்ததும் கோடியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். மேலே எத்தனை ஏக்கர் தண்ணீர் குட்டைக்கு வருகிறது என்பதும் வேண்டும். அந்த அகலம் போதுமா என்று அப்போது சொல்கிறேன்.