கர்த்தர் இன்ரவியூ எடுப்பதில்லையே, ரீச்சர்?

ரீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நாலு, ஒன்றுக்கொன்று தெரியாமலே, ஒரே விடயத்தைச் சுற்றி நிற்கின்றன. அதனால் பேரப்பிள்ளைக் கேள்விகளும் கத்தரிக்காய்ப் பூச்சிக் கேள்விகளும் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான் அக்கராயன் பக்கம், வயது 24. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். போன மாதம் வவுனியாவில் ஒரு நிதி நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, கிரவல் வீதியில் அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் வந்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது சீலைக் கரை முழுக்கப் புழுதி. உள்ளே இருந்தவர் முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்தார். “அவ்வளவு தூரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வருவீரோ?” என்றார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கை மூன்று வருடமாக நான்தான் எழுதுகிறேன். அதை அவர் கேட்கவே இல்லை. மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று ஆலயத்தில் சொல்கிறீர்கள். கர்த்தர் இன்ரவியூ எடுப்பதில்லையே, ரீச்சர்?

பதில்: பிள்ளை, கடைசி வரியை வாசித்துச் சிரித்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி ஆறிப் போகும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனத்தை, தோற்று வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லப் பாவித்துப் பாவித்து நாங்கள் தேய்த்துவிட்டோம். 1 சாமுவேல் 16ஐ எடுத்து நிதானமாக வாசியும். அந்த வார்த்தை தாவீதுக்குச் சொல்லப்படவில்லை. தாவீது அந்த நேரம் வீட்டிலேயே இல்லை, ஆட்டுக்குப் பின்னால் நிற்கிறான். அடுத்த ராஜாவைத் தெரிய வந்த சாமுவேலுக்கு, தாவீதின் தகப்பன் ஈசாய் மற்ற ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து காட்டுகிறார். மூத்தவன் எலியாபைக் கண்டதும் ‘இவன்தான்’ என்று சாமுவேல் மனதுக்குள் முடிவு கட்டுகிறார். அப்போதுதான் கர்த்தர் அவரை மறித்து, முகத்தையும் வளர்த்தியையும் பார்க்காதே என்கிறார். ஆளைத் தெரிய வந்தவருக்கு, அதுவும் ஒரு தீர்க்கதரிசிக்கு, விழுந்த கண்டிப்பு அது. ஆகவே உம்முடைய கேள்விக்கு என் பதில்: கர்த்தர் இன்ரவியூ எடுப்பதில்லை, எடுக்கிறவரோடு பேசுகிறார். எடுக்கிறவருக்குக் காது கேட்கிறதா என்பது வேறு கதை.

எனக்கும் ஒருமுறை கேட்கவில்லை. 2011இல், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திறந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தேன். கூரை பாதி தகரம், மீதி தறப்பாள். கணிதத்துக்கு ஆள் இல்லை. ஒருநாள் ஒரு பிள்ளை, தொண்டர் ஆசிரியராகச் சேரலாமா என்று கேட்டு வந்தாள். காலில் பாட்டாச் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து, கழன்று வராதபடி அடிப்பக்கத்தில் ஊசி குத்தியிருந்தாள். நடக்கும்போது அந்த ஊசி சீமெந்துத் தரையில் கீறிச் சத்தம் போடும். ஆளைக் காணமுதல் நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். “நாளைக்கு வாரும், பார்ப்பம்” என்றேன். பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. அவள் பிறகு வரவில்லை. அடுத்த வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். எங்கள் பிள்ளைகள் பின்னேரத்தில் சைக்கிள் மிதித்து அவளிடம்தான் ரியூசனுக்குப் போனார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்களில் எத்தனை பேருக்குக் காலில் செருப்பே இருந்தது? அதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெரியாத ஒருவரின் முகப்படத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, ‘நம்பலாம்’, ‘கெட்டிக்காரன்’ என்று ஆட்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களாம். பார்க்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தாங்கள் சொன்னது சரி என்ற நம்பிக்கைதான் கூடியது. இதை வாசித்தபோது எனக்குச் சுட்டது. அந்தப் பிள்ளை என் முன்னால் நின்ற ஐந்து நிமிடமும் நான் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பிழை அவர்களில் என்று சொல்லிவிட்டு உம்மை வீட்டில் இருக்கவிட மாட்டேன். யோசேப்பைச் சிறையிலிருந்து அவசர அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். அந்த அவசரத்திலும் அவன் சவரம் பண்ணி, வேறு உடுப்பு மாற்றித்தான் பார்வோனுக்கு முன்னால் போகிறான் (ஆதியாகமம் 41). எகிப்தியர் மழித்த முகத்தை மதிக்கிற சனம். அது அவனுக்குத் தெரியும். அதனால் அவன் பக்தி குறைந்ததாக எங்கும் எழுதவில்லை. அடுத்த முறை பஸ்ஸுக்கு ஒரு உடுப்பு, இன்ரவியூவுக்கு ஒரு உடுப்பு. நல்லதைப் பையில் மடித்துக்கொண்டு போம். வவுனியாவில் தெரிந்த வீடு இல்லாவிட்டால், ஏதாவது ஒரு ஆலய வளவில் கேட்டு முகம் கழுவி மாற்றிக்கொள்ளும்; ஒருவரும் மறுக்க மாட்டார்கள். முந்தின பஸ்ஸில் போம். ‘எனக்கு ஆங்கிலம் விளங்கும், பதிலைத் தமிழில் சொல்லலாமா?’ என்ற ஒரே ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் பாடமாக்கி, கண்ணாடிக்கு முன்னால் இருபது தரம் சொல்லிப் பாரும்.

முகவரி விடயம் உடுப்பு மாற்றித் தீராது. நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நாத்தான்வேல் கேட்டாரே, அவருடைய சொந்த ஊர் எது தெரியுமா? கானா. அதுவும் அதே கலிலேயாவில் ஒரு ஊர்தான். யாழ்ப்பாணத்தில் வன்னி என்றால் ஒரு முகச்சுழிப்பு. கிளிநொச்சி ரவுனில் அக்கராயன் என்றால் இன்னொன்று. அக்கராயனில் அதற்கும் உள்ளே ஒரு ஊரைச் சொல்லிச் சுழிப்பார்கள். நாத்தான்வேலை இயேசுவிடம் கூப்பிட்ட பிலிப்பு அவரோடு தர்க்கம் பண்ணவில்லை. “வந்து பார்” என்றார், அவ்வளவுதான். காட்ட உம்மிடம் சாமான் இருக்கிறதே! அந்த மூன்று வருடக் காசேட்டில் துப்புரவாக இருக்கிற நாலு பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடும். சங்கத் தலைவியிடம் ஒரு கடிதம் வாங்கும். ‘நல்ல பிள்ளை’ என்று அவ எழுதினால் பிரயோசனம் இல்லை. எத்தனை அங்கத்தவர், மாதம் எவ்வளவு காசு உம்முடைய கையால் போய் வருகிறது, கணக்காய்வில் என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொல்லும். அவர் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர். கேட்கும்வரை ஏன் இருந்தீர்? கதிரையில் இருந்த உடனே மேசையில் வையும். அவருடைய கண் உம்முடைய காலுக்குப் போகமுதல் அந்தக் காசேட்டுக்குப் போகட்டும்.

கேள்வி: முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சிறு ஆலயத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்துக்குத் தலைவர் தெரிய வேண்டும். ஒருவன் நெடிய பெடியன், கித்தார் வாசிப்பான், மைக் பிடித்தால் சனம் அசையாது. மற்றவனுக்குப் பேச்சுத் திக்கும், கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான். ஆனால் எல்லோரும் போன பிறகு நின்று கதிரை அடுக்குகிறவன் அவன்தான். கதிரை அடுக்குகிறவனைப் போடுவதுதானே வேதத்தின்படி சரி?

பதில்: தம்பி, பொறும். நெடியவனைப் பார்த்து மயங்கக்கூடாது என்று பயந்து, அமைதியானவனைப் பார்த்து மயங்கி நிற்கிறீர். அதுவும் முதல் பார்வைதான்.

சவுல் ஊரில் எல்லோரையும்விடத் தோளளவு உயர்ந்தவன். இது எல்லோருக்கும் தெரியும். அதே சவுல், ராஜாவாகப் பெயர் விழுந்த அன்றைக்குத் தளவாடங்களுக்குள் ஒளித்துக்கொண்டான் (1 சாமுவேல் 10). அன்றைக்கு நானும் நீரும் அங்கே நின்றிருந்தால், ‘எவ்வளவு தாழ்மையான பிள்ளை’ என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருப்போம். பிறகு அவன் என்ன செய்தான் என்று தெரியும்தானே. அப்புறம் தாவீது: இருதயத்தைப் பார்க்கிற வசனத்துக்கு ஐந்தே வசனம் தள்ளி, அவனுக்கு அழகிய கண்கள், நல்ல ரூபம் என்று எழுதியிருக்கிறது. வடிவாக இருப்பது குற்றம் இல்லை. மோசேக்கு நாக்குத் திக்கியது. அது ஒரு தகுதி என்று கர்த்தரும் சொல்லவில்லை. பேசுவதற்கு ஆரோனைக் கூட விட்டார்.

அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தபோது முதலில் கேட்டது நற்சாட்சி. சாட்சிக்குக் காலம் வேண்டும். பழகிப் பார்த்தவன்தான் அதைச் சொல்லலாம். ஆகவே தெரிவை மூன்று மாதம் தள்ளிப் போடும். கித்தார்க்காரனிடம் நத்தார் கரோல் காசுக் கணக்கையும், இரவல் வாங்கிய விளக்குகளைத் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பையும் கொடும். திக்குகிறவனிடம் ஐந்து பேர் வருகிற ஒரு வீட்டுக் கூட்டத்தைக் கொடும். அறுபது பேரை வேண்டாம். ஒருவேளை ஐந்து பேருக்கு முன்னால் அவனுக்கு நாக்கு இளகும். ஒருவேளை மற்றவன் விளக்குகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பான்.

2009இல் செட்டிகுளத்து முகாமில் தண்ணீர்ப் பவுசர் வந்து நின்றால் அடிபிடிதான். அங்கே உடுப்பை வைத்து ஆளை மதிக்க வழியில்லை. எல்லோருக்கும் அதே ஊத்தை உடுப்பு. எங்கள் வரிசையை ஒழுங்கு பண்ணியவ, முன்பு கருவாடு விற்ற ஒரு அம்மா. நிற்க ஏலாத கிழவிகளுக்குப் பதிலாக வரிசையில் ஒவ்வொரு கல் வைத்தா. இந்தக் கல் இன்ன ஆச்சி, அந்தக் கல் இன்ன ஆச்சி என்று அவவுக்கு மனப்பாடம். கல்லைத் தள்ளிவிட்டு முன்னுக்குப் போக ஒரு பெடியனும் துணியவில்லை. ஆனால் உதவி நிறுவனத்துக்காரர் வந்து “உங்கள் பிரதிநிதி யார்?” என்று கேட்ட அன்றைக்குக் கூப்பிட்டது ஆங்கிலம் தெரிந்த என்னைத்தான். நானும் எழும்பிப் போனேன்.

கேள்வி: மல்லாவியிலிருந்து ஒரு தாய். மகனுக்கு 22 வயது. இவ்வளவு தாடியோடு போனால் யார் வேலை தருவார்கள் என்று கேட்டால், இயேசுவும் தாடிதானே வைத்திருந்தார் என்கிறான். என்ன சொல்ல?

பதில்: அவர் தாடி வைத்திருந்தார் என்று நாலு சுவிசேஷத்திலும் ஒரு வரி இல்லை. படம் கீறியவர்கள் வைத்தது. தச்சுத் தொழில் தெரிந்தவர் என்று மாற்கு 6இல் இருக்கிறது. மகனுக்கு என்ன தொழில் தெரியும் என்று கேளுங்கள். தாடியைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறேன், வயது 71. எங்கள் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக ஒருவரின் பெயர் வந்தது. ஒரு கால் செயற்கைக்கால். முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்தவர். நான் எழும்பி, “இவரைப் போட்டால் எங்களுக்குத்தான் கரைச்சல் வரும்” என்று சபையில் சொன்னேன். இரண்டு வாக்கால் அவர் வந்துவிட்டார். இப்போது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் முடிந்தன. சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்தபோது தன் வயலுக்குக் கடைசியாகத்தான் திறந்தார். என் முறை இரவு இரண்டு மணிக்கு வந்தது. நான் வாய்க்கால் கட்டுக்குப் போகும்போது ரோச் லைற்றோடு எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

பதில்: அண்ணை, உங்களுடைய கடிதத்தைத்தான் இந்த மாதம் இரண்டு தரம் வாசித்தேன்.

தமஸ்குவிலிருந்து திரும்பி வந்த சவுல் (ராஜா சவுல் இல்லை; முன்பு சபையைத் துன்பப்படுத்தி, பிறகு பவுல் ஆனவர்) எருசலேமில் சீஷரோடு சேரப் பார்த்தபோது ஒருவரும் நம்பவில்லை, எல்லோரும் பயந்தார்கள். அவருடைய கதையும் இவருடைய கதையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பயந்தவர்களின் கதை ஒன்று. அவர்கள் கெட்ட சனம் இல்லை. பட்டுப் பயந்த சனம். நீங்களும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெயரோடு சேர்ந்து நின்றதற்காக என்னென்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்குப் பர்னபா என்று ஒருவர் சவுலைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே போனார். உங்கள் கூட்டத்திலும் யாரோ இரண்டு பேர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. அப்படி ஒருவர் பேசியதால் உள்ளே வந்த அதே பவுல், பிறகு மாற்கு என்ற இளம் பெடியனைத் தன்னோடு கூட்டிப் போக மாட்டேன் என்று நின்றார். மாற்கு ஒருமுறை பம்பிலியாவில் விட்டுவிட்டுத் திரும்பினவன். அதுவே பவுலுக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சண்டையில் பர்னபாவையே பிரிந்தார். வருடங்கள் கழித்து, கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்று. மன்னிப்பு என்ற சொல் அந்த வரியில் இல்லை. ஆனால் தீமோத்தேயு அதை வாசித்திருப்பார். மாற்குவுக்கும் காட்டியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வருடாந்தப் பொதுக் கூட்டம் வரும்தானே. எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னால்தான் திருப்ப வேண்டும். செயலாளர் தெரிவு வரும்போது அவருடைய பெயரை நீங்கள் முன்மொழியுங்கள். “அன்றைக்கு நான் சொன்னது பிழை” என்று சொல்லிவிட்டு இருந்துவிடுங்கள், பிரசங்கம் வேண்டாம். அதற்கு முதல் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்கு ஒருக்கால் போங்கள். வயலால் வந்து காலைக் கழற்றி வைத்திருக்கிற நேரமாக இருக்கும். உங்களைக் கண்டதும் அதை மாட்டப் பார்ப்பார். எழும்ப வேண்டாம் என்று நீங்கள் முந்திச் சொல்லி, பக்கத்தில் அந்தத் திண்ணையிலேயே இருங்கள்.