ஒரு பைசா கைமாறவில்லை, ஆனாலும் உறுத்துகிறது

கேள்வி: ஒரு தொழில்துறைக் கூட்டமைப்பின் சார்பில் மக்கள் பிரதிநிதிகளையும் அதிகாரிகளையும் சந்தித்துப் பேசும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். லாபியிங் என்பார்களே, அதுதான். பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய சட்டம் ஒன்று வரப்போகிறது. அதைப் பரிசீலிக்கும் குழுவின் உறுப்பினர் ஒருவரிடம் இருக்கும் இளம் உதவியாளரிடம், "இங்கே வேலை முடிந்ததும் எங்களிடம் வாருங்கள், நல்ல இடம் இருக்கிறது" என்று சொல்லச் சொன்னார் என் மேலாளர். சொன்னேன். இரண்டே வாரத்தில், வெளியில் யாரும் பார்த்திராத சட்ட வரைவு எங்கள் மேஜைக்கு வந்தது. இப்போது இன்னொரு உதவியாளரிடமும் அதையே சொல்லச் சொல்கிறார். "ஒரு பைசா கைமாறவில்லை, இதில் என்ன தப்பு?" என்கிறார். வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை விட முடியாது. ஆனால் அந்த உதவியாளர் பெயர் போனில் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. நான் கொடுத்தது லஞ்சமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் தொழிலே இழிவானது என்று நான் நினைக்கவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு எல்லாத் துறையும் தெரிந்திருக்காது. ஒரு இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு போட எத்தனை மாதம் பிடிக்கும் என்பதை அதை ஓட்டுகிறவர்களும் நடத்துகிறவர்களும்தான் சொல்ல முடியும். தொழிற்சங்கங்களும் நோயாளிகளின் அமைப்புகளும் இப்படிப் போய்ப் பேசுகிறவர்கள்தான். நியாயத்தை எடுத்துச் சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு.

ஆனால் அந்த உதவியாளரிடம் நீங்கள் நியாயம் எதையும் எடுத்துச் சொல்லவில்லையே. அவரைக் கடன்பட வைத்தீர்கள். உறுத்துவது அதுதான்.

ஜாக் ஆப்ரமாஃப் என்ற பெயரை உங்கள் மேலாளர் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பார். வாஷிங்டனில் கொடிகட்டிப் பறந்த லாபியிஸ்ட். சதி, மோசடி, வரி ஏய்ப்பு ஆகிய குற்றங்களை 2006 ஜனவரியில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர். வெளியே வந்தபின் 2011-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தன் வழிமுறையை அவரே விளக்கினார். உறுப்பினரின் முக்கிய உதவியாளரிடம், இந்த வேலை முடிந்ததும் எங்களிடம் வரலாமே என்று சொல்வாராம். சொன்ன அந்த நிமிஷமே அந்த அலுவலகம் தங்கள் கைக்குள் வந்துவிடும் என்றார். அப்புறம் கேட்டதெல்லாம் நடக்கும், கேட்கத் தோன்றாததைக்கூட அவர்களே யோசித்துச் செய்வார்கள் என்றார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம். வரைவை நீங்கள் கேட்கக்கூட இல்லை, தானாக வந்தது.

அந்த வழக்கில் எனக்கு மறக்காத ஆள் ஆப்ரமாஃப் இல்லை, நீல் வோல்ஸ். பாப் நே என்ற அமெரிக்க நாடாளுமன்ற (அங்கே அதற்குக் காங்கிரஸ் என்று பெயர்) உறுப்பினரின் தலைமை உதவியாளராக இருந்து, 2002-ல் ஆப்ரமாஃபின் குழுவுக்கு வேலைக்குப் போனவர். பழைய அலுவலகத்தை ஒரு வருடத்துக்கு அணுகக் கூடாது என்ற தடையை மீறியதும் சேர்ந்து, 2006-ல் அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாப் நேவுக்கு 30 மாதச் சிறை. உங்கள் உதவியாளரும் இளைஞர் என்கிறீர்கள். நாளைக்கு இது வெளியே வந்தால் முதலில் மாட்டப்போவது அவர்தான். அவரை அந்த இடத்தில் நிறுத்தியது நீங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் உங்கள் வயிற்றைப் பிசைவதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, லஞ்சமா? சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நடந்ததன் முழு விவரத்தையும் பார்த்து ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "ஒரு பைசா கைமாறவில்லை" என்பது பதிலே ஆகாது. 2003-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, பொது ஊழியருக்கு முறையற்ற ஆதாயத்தைக் கொடுப்பதோடு, கொடுப்பதாக வாக்களிப்பதையும் குற்றமாக்கச் சொல்கிறது. பணம் என்று மட்டும் அது சொல்லவில்லை. பிரிட்டனில் கேள்வி கேட்க எம்.பி.க்கள் காசு வாங்கிய விவகாரத்துக்குப் பிறகு அமைந்த நோலன் குழுவும் 1995-ல் இதைத்தான் எழுதியது: பதவியில் இருப்பவர், தன் கடமையைப் பாதிக்கக்கூடிய வெளியாருக்குப் பண வகையிலோ வேறு வகையிலோ கடமைப்படக் கூடாது. அமெரிக்காவில் 2007-ல் வந்த சட்டப்படி, காங்கிரஸின் மூத்த உதவியாளர்கள் வெளியில் வேலைப் பேச்சு தொடங்கினால் மூன்று வேலை நாளுக்குள் நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை தருகிறேன் என்ற பேச்சுக்கு எவ்வளவு கனம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய விதி அது.

இன்னொரு கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். இது பணியிடப் பாதுகாப்புச் சட்டம். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களின் கையும் விரலும் சம்பந்தப்பட்ட சட்டம். அவர்கள் சார்பில் பேசுகிறவருக்கு அந்த வரைவு வரவில்லை. அவர் யாருக்கும் வேலை தர முடியாதவர்.

இனி செய்ய வேண்டியது. இரண்டாவது உதவியாளரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். மேலாளரிடம் சண்டை வேண்டாம். "இது நமக்குச் சட்டச் சிக்கல் ஆகலாம், நம் சட்டப் பிரிவு எழுத்தில் அனுமதி தரட்டும்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் உத்தரவு போடுகிறவர்கள் எழுத்து என்றதும் பெரும்பாலும் பின்வாங்குவார்கள். வந்த வரைவை யாருக்கும் அனுப்பாதீர்கள், அதை வைத்துக் குறிப்பும் எழுதாதீர்கள். பழைய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள், அழிப்பதே தனிக் குற்றமாகிவிடலாம். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். உங்கள் நலனை மட்டும் பார்க்க ஒருவர் வேண்டும். கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது, யாரிடம் எப்போது சொல்வது என்பதையெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டுக் கடனை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நாளைக்கே ராஜினாமா செய்யுங்கள் என்று எழுதவில்லை. ஆனால் வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். தவணை எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அந்த உதவியாளரின் அழைப்பு அதற்குள் வந்தால் எடுக்க வேண்டாம். வழக்கறிஞரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பிரசுரிக்க மாட்டேன்.