வில்லியம்ஸ்பர்க் பட்டறைகளும் 18ஆம் நூற்றாண்டுச் சந்தைகளும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஆங்கிலேயக் காலனிகளாக இருந்த மாநிலங்களில், 18ஆம் நூற்றாண்டுச் சந்தைகளை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். கொல்லர், பீப்பாய் செய்பவர், அச்சடிப்பவர், பொம்மலாட்டக்காரர் எல்லாரும் அக்கால உடையில், அக்காலக் கருவிகளைக் கொண்டு நம் கண்முன்னே வேலை செய்வார்கள். வர்ஜீனியாவில் குடியேறிய பிறகு, இத்தகைய சந்தைகளில் பல ஆண்டுகளாக வார இறுதிகளில் தன்னார்வலராக இருந்து வருகிறேன். தொடக்கத்தில் மெழுகுவத்தி வார்க்குமிடத்தில் நின்றேன். பிறகு பீப்பாய்ப் பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. இது பெரியவர்கள் நடத்தும் மாறுவேடப் போட்டியைப் போன்றதுதானா? உண்மையாகவே எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமானால் எங்கே போக வேண்டும்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மாறுவேடத்தில் உடை அணிந்தவுடன் வேலை முடிந்துவிடுகிறது, இங்கே உடை அணிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வில்லியம்ஸ்பர்க் நகரத்துக் கொல்லர் அடிக்கும் ஆணியும் சூளையில் வேகும் செங்கல்லும் காட்சிக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. அதே ஊரில் மீட்டெடுக்கப்படும் கட்டடங்களுக்குப் போகின்றன. அங்கே தொழில் பழகுநராகச் சேருபவர் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

முதலில் போக வேண்டிய இடமும் அந்த ஊர்தான். 1699 முதல் 1780 வரை அது வர்ஜீனியாவின் தலைநகராக இருந்தது. 1722இல் கிடைத்த நகர சாசனம், வாரச் சந்தைகளோடு ஆண்டுக்கு இரண்டு பெருஞ்சந்தைகளை நடத்தும் உரிமையையும் அதற்கு அளித்தது. தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறிய பின் ஊர் வளராமல் நின்றுபோனதால், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வசதி யாருக்கும் வரவில்லை. பழைய வீடுகள் பிழைத்தது அதனால்தான். 1926இல் குட்வின் என்ற பாதிரியாரின் விடாமுயற்சியால் பெருஞ்செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுக்க முன்வந்தார். மீட்புப் பணி தொடங்கியது. இன்று 301 ஏக்கர் பரப்பில் அந்நூற்றாண்டைச் சேர்ந்த எண்பதுக்கும் மேற்பட்ட அசல் கட்டடங்கள் நிற்கின்றன. இரண்டு நாள் ஒதுக்குங்கள்; ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் எதுவும் மனத்தில் நிற்காது.

கேள்வி: ஆணியும் இல்லை, பசையும் இல்லை என்கிறார்கள். பிறகு பீப்பாய் எப்படி ஒழுகாமல் இருக்கிறது? (தஞ்சாவூரிலிருந்து, தச்சு வேலை தெரிந்த ஒருவர்)

பதில்: நான் மிகவும் விரும்பும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாம் மரத்தில் தொடங்குகிறது. வெள்ளை ஓக் மரத்தின் நுண்குழாய்கள், மரம் முதிரும்போது தாமாகவே அடைபட்டுவிடும். சிவப்பு ஓக் மரத்தில் பெரும்பாலும் அப்படி அடைபடுவதில்லை. எங்கள் பட்டறையில் சிவப்பு ஓக் குச்சி ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிக் காட்டுவோம். தண்ணீரில் குமிழி வரும். ஆகவே நீர்மம் ஊற்றும் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்தான். மரத்தை அறுக்காமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாரோட்டத்தை ஒட்டிப் பிளப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த வழியே நீர் கசியும்.

பிளந்த பலகையை, இரண்டு பக்கமும் பிடி வைத்த இழுவைக் கத்தியால் வெளிப்புறம் குவிவாகவும் உட்புறம் குழிவாகவும் செதுக்குவார்கள். நடுப்பகுதி அகன்றும் இரு முனைகளும் குறுகியும் இருக்க வேண்டும். அடுத்து வருவது விளிம்பு. ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட நீளமான ஒரு இழைப்புளியைத் தலைகீழாகச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். அதன் அலகு மேல்நோக்கி இருக்கும். நாம் பழகிய முறைக்கு மாறாக, இழைப்புளி அசையாமல் நிற்க, பலகையைத்தான் அதன்மேல் தள்ள வேண்டும். வட்டத்தின் மையத்தை நோக்கிச் சரியும் கோணத்தில் ஒவ்வொரு விளிம்பும் அமைய வேண்டும். அந்தக் கோணத்தைக் கண்ணாலேயே பார்த்துப் பிடிப்பார்கள். நான் அளவுகோலைக் கேட்டு நின்ற முதல் நாளில், என் ஆசான் ஒன்றும் பேசாமல் பலகையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். இரண்டு பலகைகளுக்கு நடுவே மயிரிழை அளவு ஒளிக்கீற்று தெரிந்தது. அது மறையும்வரை இழைக்கச் சொன்னார்.

பலகைகளை ஒரு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தி, உள்ளே இரும்புக் கூடையில் சிறு தீ மூட்டி, வெளியே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து மரம் இளகும்போது, வளையங்களைச் சுத்தியலால் அடித்து இறக்க இறக்க, விரிந்து நின்ற பலகைகளின் கீழ்முனைகள் ஒன்றுசேரும். பீப்பாயைச் சுற்றி நடந்துகொண்டே அடிப்பதால் அந்த ஓசைக்குத் தாளம் உண்டு. சத்தம் மந்தமாக ஒலித்தால் வளையம் இன்னும் இறுகவில்லை என்று பொருள். பிறகு முனைகளின் உட்புறம் காடி எடுத்து மூடியைப் பொருத்துவார்கள். மூடிப் பலகைகளின் இணைப்பில் காய்ந்த கோரையை வைப்பார்கள். கடைசியில் நீர் ஊற்றினால் மரம் ஊதி, இணைப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். உள்ளே நீர் இருக்கும்வரை பீப்பாய் இறுகியே இருக்கும், காயவிட்டால்தான் கெடும்.

வர்ஜீனியாவின் பொருளாதாரமே இதன்மேல்தான் நின்றது. புகையிலையை அடைத்து லண்டனுக்கு அனுப்பிய பெரிய பீப்பாய் ஒன்று சுமார் 1,000 பவுண்டு எடை தாங்கியது. வண்டிகள் குறைவாக இருந்த காலத்தில், அவற்றை நதித்துறை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனார்கள்.

கேள்வி: வண்டிச் சக்கரமும் நம் ஊரைப் போலத்தானா? (அதே வாசகர்)

பதில்: அடிப்படை ஒன்றுதான். குடத்துக்கு எளிதில் பிளவுபடாத எல்ம், ஆரக்காலுக்குப் பளு தாங்கும் ஓக், வட்டைக்கு அதிர்வைத் தாங்கும் ஆஷ் என்று உறுப்புக்கு ஒரு மரம். இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டி, நீர் ஊற்றிக் குளிர்விப்பதும் நம் ஊர் முறைதான்.

கேள்வி: என் தாத்தா கம்பாசிட்டராக இருந்தவர். அக்கால அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பெண்கள் அங்கே வேலை செய்தார்களா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் தாத்தா அங்கே போயிருந்தால் எந்த விளக்கமும் இல்லாமல் வேலையைத் தொடங்கியிருப்பார். இடதுகையில் எழுத்துகளைக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக், எதிரே அறை அறையாகத் தடுத்த பெட்டி, ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்கும் கண், எல்லாமே அவருக்குப் பழக்கமானவை. மை தடவும் முறைதான் வேறு. விளக்குக்கரியையும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் குழைத்த மையை, கம்பளி மயிர் திணித்த இரண்டு தோல் பந்துகளால் ஒருவர் ஒற்றுவார். மற்றவர் ஈரமாக்கிய தாளை வைத்து மரப்பிடியை இழுப்பார். இருவரும் பழகியவர்களாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 200 தாள்கள் அடிப்பார்கள். தோல் விறைக்காதிருக்க அந்தப் பந்துகளை இரவில் சிறுநீரில் ஊறவைத்தார்கள் என்பதைக் கேட்டால் குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் போய் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

வில்லியம்ஸ்பர்க்கில் வர்ஜீனியா கெஜட் என்ற செய்தித்தாளை 1736இல் வில்லியம் பார்க்ஸ் தொடங்கினார். பிற்காலத்தில் அதே பெயரில் போட்டித்தாள் நடத்திய வில்லியம் ரிண்ட் 1773 ஆகஸ்டில் இறந்தபோது, அவர் மனைவி கிளெமென்டினா ரிண்ட் அச்சகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். 1774இல் காலனியின் சட்டமன்றம் அவரையே அரசு அச்சாளராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் அமெரிக்காவின் உரிமைகளைப் பற்றித் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய புகழ்பெற்ற துண்டுநூலை அச்சிட்டதும் அவருடைய அச்சகம்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் அவர் செய்த வேலை என்னை எப்போதும் நெகிழவைக்கிறது.

கேள்வி: பொழுதுபோக்குக்கு என்ன இருந்தது? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: 1737 நவம்பர் 30ஆம் நாள், புனித ஆண்ட்ரூ திருநாளன்று, வர்ஜீனியாவின் ஹானோவர் கவுண்டியில் ஒரு திடலில் நடந்த விழாவின் அறிவிப்பு கெஜட்டில் இருக்கிறது, சந்தைகளை நடத்துபவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் நிகழ்ச்சிகளை அமைக்கிறார்கள். குதிரைப் பந்தயம் முதன்மையானது. 20 பிடில் வாசிப்போர் போட்டியிட்டு, சிறப்பாக வாசித்தவருக்கு ஒரு பிடில் பரிசு. கழியால் மோதி வெல்பவருக்கு 20 ஷில்லிங் மதிப்புள்ள தொப்பி. மல்யுத்தத்தில் வெல்பவருக்கு வெள்ளிக் கொளுவிகள். நடனத்துக்கு ஒரு சோடி காலணி. பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 112 கெஜம் ஓடித் தொப்பி வெல்லலாம். கதைப்பாடல் பாடுவோருக்கு, தொண்டையைச் சரிசெய்துகொள்ளப் போதுமான மது கொடுக்கப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இவற்றுள் பிடில் போட்டியை மட்டுமாவது முழுதாக உட்கார்ந்து கேளுங்கள்; பட்டறைகளில் கண்ணுக்குக் கிடைப்பது அங்கே காதுக்குக் கிடைக்கும்.

பொம்மலாட்டமும் கயிற்றின்மேல் நடக்கும் வித்தையும் ஊர் ஊராகச் சென்றன. நாடகத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலேயக் காலனிகளின் முதல் நாடக அரங்கு 1710களின் பிற்பகுதியில் வில்லியம்ஸ்பர்க்கில்தான் எழுந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஹாலம் குழுவினர் 1752 செப்டம்பரில் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகனை நடித்ததும் அதே ஊரில்தான்.

கேள்வி: அடிமை முறையை மறைத்துவிட்டு, அழகான பழங்காலமாக மட்டும் காட்டுவதாகப் படித்தேன். அது உண்மையா? (பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்குச் சற்று முன் வில்லியம்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். பட்டறைகளில் கைதேர்ந்து வேலை செய்தவர்களிலும் பலர் அவர்களே. புகையிலைத் தோட்டங்களில் பீப்பாய் செய்தவர்களில் மிகப் பலர் அடிமைகள். அந்தனி ஹேயின் மரச்சாமான் பட்டறையில் வில்ட்ஷயர் என்ற அடிமைத் தச்சர் இருந்தார். ஹே இறந்த பின் சொத்தோடு சொத்தாக அவரும் விற்பனைக்கு வைக்கப்பட்டபோது, மிக நல்ல தச்சர் என்றே விளம்பரம் செய்தார்கள். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்களிலும் அவர்களுடைய தொழில் திறமை குறிக்கப்பட்டிருக்கிறது. உரிமையைப் பற்றிய நூலையும் இந்த விளம்பரங்களையும் ஒரே ஊரின் அச்சகங்கள்தான் அடித்தன.

1979இல்தான் கறுப்பின நடிகர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து அவர்களுடைய வாழ்வை அங்கே காட்டத் தொடங்கினார்கள். 1994 அக்டோபரில், கிறிஸ்டி கோல்மனின் பொறுப்பில், அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டினார்கள். அதைக் கடுமையாக எதிர்த்துப் பலர் போராடினார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. காட்டியதிலும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். கறுப்பினக் குழந்தைகளுக்காக 1760 முதல் 1774 வரை ஆன் வேஜர் என்ற ஆசிரியை நடத்திய பிரே பள்ளியின் கட்டடம் அண்மையில் அடையாளம் காணப்பட்டு, 2023இல் வரலாற்றுப் பகுதிக்குள் கொண்டுவரப்பட்டது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். எந்தச் சந்தைக்குப் போனாலும், ஒவ்வொரு பட்டறையிலும் இந்த வேலையை அன்று யார் செய்தார்கள் என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் சந்தையில் நான் பணி செய்வதில்லை.

கேள்வி: நம் பக்கத்துப் பொருள் ஏதாவது அங்கே உண்டா அக்கா? (நியூ ஜெர்சியிலிருந்து)

பதில்: உண்டு. சோழமண்டலக் கரையில் சாய வேரால் சிவப்பேற்றி, கையால் வரைந்து சாயமிட்ட சீட்டித் துணிகள் லண்டன் வழியாகக் காலனிகளுக்குப் போயின. அச்சிட்ட பருத்தித் துணியைப் பிரிட்டனுக்குள் உடுத்துவதை 1721இல் சட்டம் தடைசெய்தது. காலனிகளுக்கு மறுஏற்றுமதி செய்வதைத் தடுக்கவில்லை. வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இந்தியச் சீட்டியில் தைத்த கவுன்களைப் பார்க்கலாம்.

கேள்வி: நானும் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். உடைக்கு என்ன செய்வது? (சார்லட் நகரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: துணியைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். முதல் ஆண்டில் நான் இணையத்தில் வாங்கிய பாவாடையைப் பருத்தி என்று சொல்லித்தான் விற்றார்கள். மெழுகு உருக்கும் அடுப்பிலிருந்து தெறித்த பொறி ஒன்று அதில் விழுந்தது. துணி உருகிக் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. பட்டாணி அளவுத் தழும்பு இன்னும் இருக்கிறது. வாங்கும் முன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தானாகவே அணையும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் துணியோடு தீயருகே நிற்க வேண்டாம்.

கேள்வி: ஏழு வயது மகளோடு போகிறோம். அவளுக்குச் சலிக்காத இடம் எது? (ராலே நகரிலிருந்து)

பதில்: செங்கல் களம். கோடையில் போனால், செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக் குழிக்குள் இறங்கிக் களிமண்ணை மிதிக்க விடுவார்கள். மிதித்த மண்ணை மணல் தூவிய அச்சில் அறைந்து பச்சைக் கல்லாக்கி, காயவைத்து, இலையுதிர் காலத்தில் சூளையடுக்கிச் சில நாள் இரவும் பகலும் விறகெரிப்பார்கள். தீக்கு மிக அருகிலிருந்த கல்லின் முகத்தில் விறகுச் சாம்பல் உருகி நீலச்சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் படியும். ஓரத்தில் சரியாக வேகாத கல் வெளுத்திருக்கும். அந்த ஊர்ச் சுவர்களில் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் மாறி மாறி வருவதை அவளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகொரு நாள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கும் அழைத்துப் போங்கள். அங்கே பழைய சுவர்களில் சில செங்கற்களின்மேல் விரல் பதிந்த குழிகள் இருக்கின்றன; காயாத கல்லைத் தூக்கிப் புரட்டிய அடிமைச் சிறுவர் சிறுமியரின் விரல்கள் அவை. அப்படியொரு கல்லின் முன் நாங்கள் நின்றபோது என் மகளுக்கு எட்டு வயது. சொல்லும் முன்பே அவள் கையை உயர்த்தி வைத்துப் பார்த்தாள்; மூன்று விரல்கள் சரியாகப் பொருந்தின.