சீனப் பீங்கானா, பிரெஞ்சு ஜாடியா?

கேள்வி: எங்கள் அப்பா (வாப்பாவைப் பெற்றவர்) சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தபோது வாங்கி வந்த மூடி ஜாடி வீட்டில் இருக்கிறது. வெள்ளையில் நீலப் பூக்கள், நடுவே தொப்பி போட்ட ஓர் ஆள். அடியில் ‘எச்.பி. கேம்பேர்’ என்று பிரெஞ்சு எழுத்து. இது சீனப் பீங்கானா? உம்மா காலத்தில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தோம். இப்போது அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து மெருகு உதிர்கிறது. ஊறவைத்துக் கழுவி, திரும்ப ஊறுகாய் போடலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம் சகோதரி. ஊறவும் வைக்காதீர்கள், ஊறுகாயும் போடாதீர்கள்.

உங்கள் ஜாடி பீங்கானே இல்லை. மெருகு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள், உள்ளே மண் தெரியும். பெரியபட்டினத்தில் தோண்டியெடுத்த சீன ஓடுகளோ கல்லாக இறுகியவை. உங்களுடையது சுட்ட மண் பாத்திரம். ஈய மெருகில் வெள்ளீயச் சுண்ணம் (டின் ஆக்சைடு) கலந்து பூசுவார்கள். அந்த வெள்ளீயம்தான் பால் வெள்ளையாக நின்று மண்ணை மறைக்கிறது. மறுபடி சுடுவதற்கு முன், மாவு போலிருக்கும் அந்தப் பூச்சின் மேலேயே கோபால்ட் நீலத்தால் வரைய வேண்டும். கோடு பிசகினால் அழிக்க வழியில்லை. அந்தத் தொப்பிக்காரரை வரைந்த கையை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

பிரெஞ்சில் இதற்கு ஃபயான்ஸ் என்று பெயர். இத்தாலியின் ஃபயென்சா ஊரிலிருந்து வந்த சொல். 1709-இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக வெள்ளிப் பாத்திரங்களை உருக்கவைத்தபோது, பிரபுக்களும் இந்த மண் பாத்திரத்துக்கு மாறினார்கள். கேம்பேர் பிரான்சின் பிரித்தானி பகுதியில் இருக்கும் ஊர். 1690-இல் அங்கே இந்தத் தொழில் தொடங்கியதாகச் சொல்வார்கள். எச்.பி. என்பது உபோதியேர், பூஸ்கே என்ற இரு குடும்பப் பெயர்களின் முதலெழுத்து. தொப்பிக்காரர் அந்தப் பக்கத்துக் குடியானவர்.

இனி அந்த வெள்ளைப் பூப்பு. அது உப்பு. ஊறுகாய் உப்பு மெருகின் கீறல் வழியே மண்ணுக்குள் இறங்கியிருக்கும். நம் கடலோர ஈரத்தில் கரைந்து, காய்ந்ததும் படிகமாகி, மெருகை உள்ளிருந்து தள்ளுகிறது. தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றை இப்படித்தான் நான் இழந்தேன். உப்பு போகட்டும் என்று வாளியில் போட்டேன், பாதிப் பூ கழன்று வந்துவிட்டது. புளிப்பு இன்னொரு கெடுதல்: மெருகிலிருக்கும் ஈயத்தை உணவுக்குள் இழுத்துவிடும்.

மூடியைத் தனியே எடுத்து வையுங்கள். கடல் காற்று படாத உள்ளறை அலமாரி போதும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. அங்கே ஆலோசனை கேளுங்கள். உதிர்ந்த சில்லுகளைக் கூட்டிக் கொட்டிவிடாதீர்கள். தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்துங்கள், ஒட்டித் தருபவருக்கு அவை வேண்டும்.